பத்தாயிரம் மில்லி மழை

திரையில் 10240 என்று நின்றது.

நாகலாபுரத்தில், பொன்மணியின் புஞ்சையில் நட்டிருக்கும் மழைமானி அவ்வப்போது அனுப்பும் இன்றைய கணக்கு அது. கோவில்பட்டி ஆபீசில் நுஸைபா எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அதைப் படித்து, பக்கத்தில் மில்லிமீட்டர் என்றும் போட்டிருந்தது.

"ஏட்டி, பத்தாயிரம் மில்லியா? எங்க ஊரே முங்கிப் போயி, நான் நீந்தியில்லா வேலைக்கு வந்திருக்கணும்!" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த பொன்மணி.

சிரித்தாளே தவிர முகம் சரியில்லை. மழையை நம்பி மக்காச்சோளத்தைப் புழுதியில் விதைத்து முப்பது நாளாகிறது. இந்த வாரமும் மழை இல்லையென்றால், எறும்பு தின்றது போக மிச்ச விதையும் வீண்தான். காலையில் பஸ் ஏறும்போதுகூட வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.

நிரல் பொய் சொல்கிறது, சந்தேகமில்லை. நுஸைபாவைக் குடைந்தது வேறு. தொண்ணூற்றிரண்டு நாள் பிசகாத நிரலுக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது?

நேற்று ஒரு வரியைக்கூட அவள் தொடவில்லை.

மழைமானிக்குள் இருப்பது போன்ற இன்னொரு பெட்டி மேசையில் கிடந்தது. அதன் நினைவகத்தில், ஒரு எண்ணை இரண்டு பாதியாக வைக்கும் இரண்டு பைட் இடத்தில், 'ஒன்று' என்று எழுதி முதல் பைட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பூஜ்ஜியம். அதையே தன் கம்ப்யூட்டரில் செய்தாள். ஒன்று.

அட! பெட்டி எண்ணின் பெரிய பாதியை முதலில் வைக்கிறது, கம்ப்யூட்டர் சின்னதை. இடம் மாற்றிப் படித்தால் சின்ன எண் 256 மடங்காகிவிடும். தினமும் குர்ஆனை வலமிருந்து ஓதிவிட்டுத் தமிழை இடமிருந்து படிக்கிற தனக்கா இது தோன்றாமல் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்படியானால் மூன்று மாதமாகவே தப்பாகத்தான் படித்திருக்க வேண்டும். எப்படித் தெரியாமல் போயிற்று? பழைய பதிவுகளைத் திறந்தாள்.

பூஜ்ஜியம். பூஜ்ஜியம். தொண்ணூற்றிரண்டு நாளும் பூஜ்ஜியம்.

எந்தப் பக்கமிருந்து படித்தாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தான். நட்ட அன்று ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

 நுஸைபா பைட் வரிசையைத் திருப்பி நிரலை மறுபடி ஓட்டினாள். 10240 அழிந்து 40 வந்தது.

"பொன்மணி, வீட்டுக்குப் போன் போடுட்டி!"

பொன்மணி போடவில்லை. அந்த நாற்பதையே பார்த்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜன்னலுக்கு வெளியே கோவில்பட்டி வெயில் மண்டையைப் பிளந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 40 என்பது 41 ஆனது.