கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றவள்

புதுச் சிவப்பு பூசிய நகர ரயிலும், அது இனி போகப்போகும் ஊர்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளாக இருந்தன. பெருக்க வந்த கன்னியம்மா குனிந்து தன் தெருவைத் தேடினாள். அந்த இடத்தில் பச்சைப் புல் ஒட்டியிருந்தது.

“இதுல நாங்கல்லாம் எங்க சார்?”

பொம்மை ஊரைச் செய்தவனுக்குச் சங்கடமாகிவிட்டது. மிச்சம் கிடந்த நகத்தளவுப் பெண்ணுக்குப் பசை தடவி நடைமேடையில் நிறுத்தினான்.

“இதோ நிக்கிறீங்களேக்கா!”

அந்தப் பொம்மைப் பெண் மஞ்சள் கோட்டைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி வையி சார்.”

“ஒட்டிக்கிச்சுக்கா. பிடுங்குனா கால் உடைஞ்சிரும்.”

பெட்டியை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். மறுகோடியில் ரயில் விளக்கைப் போட்டுக்கொண்டு புறப்பட்டது. கன்னியம்மா துடைப்பத்தோடு பின்னால் நகரப் பார்த்தாள். கால் வரவில்லை.