புகையில்லாத நீராவிக் கப்பல்

சீனாவின் மின் என்ற ஆற்றில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மரத்தாலான பீரங்கிக் கப்பலின் கொதிகலனோ சில்லிட்டுக் கிடக்கிறது. பொறியாளர் வெங் தலையில் அடித்துக்கொள்கிறார். "நெருப்ப எதுக்குய்யா அணைக்கச் சொன்னீங்க?" "யோவ், மெதுவா பேசு. மேல உக்காந்திருக்கிற பெரியவரோட பட்டு அங்கியில கரி விழுந்தா நீயா பதில் சொல்லுவே?" என்று சீறுகிறார் கப்பல் தலைவர். கரையில், நாணல் மறைவில், நாற்பது மாலுமிகள் மூச்சிரைக்கக் கயிறு கட்டிக் கப்பலை இழுக்கிறார்கள். இதற்குப் பெயர் நீராவிக் கப்பலாம்! எதிர்க்கரையோரம் அந்நியப் போர்க்கப்பல்கள் நான்கு விடிந்ததிலிருந்து கரும்புகை கக்கிக்கொண்டு, எந்த நொடியும் பாயத் தயாராக நிற்கின்றன. மேல்தளத்தில் பார்வையிட வந்த அதிகாரி விசிறியை மடக்குகிறார், முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, துளி புகையில்லாம என்ன அழகா போகுது! நம்ம மத்த கப்பல்லயும் இப்பவே நெருப்ப அணைக்கச் சொல்லுங்க."