மேடேறாத கார்

பரமேஸ்வரனின் கார் சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. செலண்டார் மேட்டில் மட்டும் இழுக்க மாட்டாமல் திணறியது. மெக்கானிக் முனியாண்டி ஃபில்டர், பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். கடைசியில், செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை நிறுக்கும் மேடையில் வெறும் காரை ஏற்றினார். இருக்க வேண்டியதைவிட ஐம்பது கிலோ அதிகம்.

"உள்ள ஒன்னுமே இல்லலா, அண்ணே!"

மறுவாரம் எடை பார்த்தபோது அறுபது. அதற்கடுத்த வாரம் எழுபது.

பரமேஸ்வரனின் மனைவி இருசம்மாளின் எடை ஐம்பது கிலோவாக இருந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தவறினால் உடம்பில் நீர் கோத்து எடை ஏறும், மூச்சு வாங்கும். சுங்கை ஊடாங் வேலையில் ஓவர்டைம் கிடைத்த வாரம் அவர் அவளைக் கூட்டிப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எடை எழுபது காட்டிய மறுநாள் காலை, பக்கத்து இருக்கையின் பெல்ட்டை மாட்டிவிட்டு, டயாலிசிஸ் நிலையத்துக்கு ஓட்டினார். வாசலில் தாதி அவரைப் பார்த்துத் தயங்கினாள்.

"அங்கள், ஆன்டியோட இடத்த அப்பவே வேற ஆளுக்குக் கொடுத்தாச்சே."

தலையாட்டிவிட்டுத் திரும்பினார். செலண்டார் மேட்டின் பாதியில் கார் நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்தார்.

பக்கத்து இருக்கையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.