திங்கட்கிழமை டூரிஸ்ட்

காலுறைக்கு மேல் செருப்பு மாட்டியிருந்த அந்த மனிதர், கழுத்தில் கேமரா ஆட, கொலோசியத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். தொப்பியில் சிவப்பாக ஓர் இதயம், அதற்குப் பக்கத்தில் ரோம் என்று எழுத்து.

"வந்துட்டான்யா இன்னொருத்தன்!" என்று சர்வர் நாட்சரேனோ உள்ளே இருந்த சமையல்காரருக்குக் குரல் கொடுத்தான். "வெயில்ல நின்னு வெந்த இறாலாட்டம் இருக்கான்."

வந்தவர் ஒன்றும் புரியாதவர் போலப் பல்லைக் காட்டினார். மெனுவில் மட்டிச் சிப்பி போட்ட ஸ்பகெட்டியின் படத்தில் விரலை வைத்தார்.

"சீஸ்," என்றார். "நிறைய சீஸ்."

"மட்டிக்கா? சீஸா?" நாட்சரேனோ தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, மட்டிக்குச் சீஸ் கேக்குதுண்ணே இந்த ஜென்மம்! எந்த ஊர்ல, எந்த அம்மா இதை வளர்த்தாளோ!"

அந்த அம்மா இதே ஊரில்தான் வளர்த்தாள். வந்தவர் பெயர் செத்திமியோ. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருபத்தாறு வருஷமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்; திங்கட்கிழமை விடுமுறை.

கடல் உணவில் சீஸ் படவே கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்; அவர் கடையில் மட்டிக்குச் சீஸ் கேட்டால் கொலைக்குற்றம். போன மாதம்கூட ஒரு புதுமணத் தம்பதியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அனுப்பினார். சத்தம் போட்டது அவர்தான் என்றாலும், சட்டம் அடுப்படியில் நிற்கும் அவர் மனைவி எர்சீலியாவுடையது.

நிச்சயம் செய்த அன்றே செத்திமியோ ஏதோ நினைவில் மட்டித் தட்டோடு சீஸுக்குக் கையை நீட்டிவிட்டார். கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. "இன்னொரு தடவை இந்த வேலை பண்ணினேன்னா, என் வாணலியைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ கால்ல விழுந்தாலும் வரமாட்டேன்" என்றாள் எர்சீலியா. அவள் சொன்னதைச் செய்கிறவள். அவள் இல்லாமல் கடையும் ஓடாது, அவரும் ஓடமாட்டார்.

ஆனால் நாக்கு கேட்க வேண்டுமே! திங்கள்தோறும் எர்சீலியா கடற்கரையில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் பஸ் ஏறுவாள். "நான் மீன் பிடிக்கப் போறேன்" என்று இவர் தூண்டிலோடு கிளம்புவார். தூண்டிலை ஆற்றங்கரைப் புதரில் ஒளித்துவிட்டு, தொப்பியை மாற்றிக்கொண்டு, உள்ளூர்க்காரன் எவனும் எட்டிப் பார்க்காத இந்தக் கடைக்கு வந்துவிடுவார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷன் மட்டியை வெறுமனே தின்பான்?

வேஷத்தில் பிசகே கிடையாது. தெருக்குழாயில்கூட, உள்ளூர்க்காரன் மாதிரி குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து மேல்துளையில் பீறிடும் தண்ணீரைக் குடிக்காமல், குனிந்து மூக்கையும் சட்டையையும் நனைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அன்று காலை இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று கொலோசியத்தையும் பார்த்தாயிற்று. ஐம்பத்துமூன்று வயதில் முதல் தடவை. 'அட, நம்ம ஊர்லயா இது!' என்று நடிக்காமலே வாயைப் பிளந்தார்.

தட்டு வந்தது, கூடவே ஒரு கிண்ணம் சீஸும் வந்தது. வெள்ளையாக மூடும்வரை தூவி, கண்ணை மூடி முதல் வாயை வைத்தார். சொர்க்கம்!

கண்ணைத் திறந்தபோது வாசலில் ஓர் அம்மாள் நின்றாள். முறம் அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஆரஞ்சு நிறக் கால்சட்டை, கையில் ஊர் வரைபடம். தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஹாலந்துக்காரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டு செத்திமியோ ஸ்பகெட்டியைச் சுற்றத் தொடங்கினார்.

அம்மாள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வரைபடத்தை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டாள். படத்தைக் காட்டி அவளும் மட்டி ஸ்பகெட்டியே வாங்கினாள். தட்டு வந்ததும், கையைத் தேய்த்துத் தேய்த்துச் சீஸ் துருவுவது போல ஜாடை காட்டினாள்.

"அண்ணே, இந்தம்மாவுக்கும் சீஸாம்!" நாட்சரேனோ அலறினான். "இன்னிக்கு எவன் முகத்துல முழிச்சேனோ!"

"சீஸ் தீர்ந்துடுச்சுடா!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "இருந்த கடைசிக் கிண்ணம் அந்த வெந்த இறால்கிட்ட இருக்கு!"

நாட்சரேனோ அம்மாளிடம் வெறுங்கையை விரித்துக் காட்டினான். பிறகு செத்திமியோவின் கிண்ணத்தைக் காட்டி, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சைகை செய்துவிட்டு நகர்ந்தான்.

அம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நேரே வந்து செத்திமியோவுக்கு எதிர் நாற்காலியில், கேட்காமல் கொள்ளாமல் உட்கார்ந்தாள். அவர் வெளிநாட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். கொடுக்க மனசில்லை.

அவள் அவர் தட்டைப் பார்த்தாள். மீசையில் ஒட்டியிருந்த சீஸைப் பார்த்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

செத்திமியோவின் கையிலிருந்த முள்கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

"என்னய்யா, இன்னிக்கு மீன் ஒண்ணும் மாட்டலையா? சரி சரி, அந்தச் சீஸை இப்படித் தள்ளு."