மெகருன்னிசாவின் நோன்பு

"தவிச்ச வாய்க்கு ஒரு மொடக்கு தண்ணி தரமாட்டேங்கறியே அண்ணி, நீயெல்லாம் இன்னா மனுஷி?"

சின்னசேலத்திலிருந்து அண்ணனைப் பார்க்க வந்த ஜன்னதுல் பிர்தௌஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் நூர் முகமது கட்டிலில் உட்கார்ந்து காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இன்னும் ஒரு வாய் கேட்டிருக்கிறார். அவர் மனைவி மெகருன்னிசா சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. நல்ல கிட்னி என்றால், உடம்பில் தண்ணி ஜாஸ்தியானால் வெளியே தள்ளும், கம்மியானால் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர்கிற கழிவையும் அலசி அனுப்பும். நூர் முகமதுவுக்கு இரண்டு கிட்னியும் படுத்துவிட்டன. கள்ளக்குறிச்சியில் வாரம் தவறாமல் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணியெல்லாம் காலிலும் நெஞ்சிலும் தேங்கி, மூச்சு முட்டும். அதனால்தான் அளந்து கொடுக்கிறாள்.

இதை ஜன்னத்திடம் யார் சொல்வது? சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

மனுஷனுக்கோ எந்நேரமும் தண்ணி நினைப்புதான். துணி மூட்டையோடு கல்வராயன் மலைக்கு வியாபாரத்துக்குப் போனபோது ஓடையில் குப்புறப் படுத்துக் குடித்ததைச் சொல்லிச் சொல்லி உதட்டை நக்கிக்கொள்வார். பக்கத்து வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் பேச்சு அப்படியே நின்றுபோகும்.

ஜன்னத்துக்கு இன்னொரு ஆத்திரமும் இருந்தது. ரம்ஜான் போய் மாதக்கணக்காகியும் மெகருன்னிசா நோன்பு வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், அப்போது விட்டுப்போன நோன்பை இப்போது ஈடுகட்டுகிறேன் என்பாள். புருஷன் இங்கே தவிக்க, இவள் நன்மை சேர்க்கிறாளாம்.

ஆனாலும் அந்த வீட்டின் ஒரே நம்பிக்கை அவள்தான். தன் கிட்னி ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ரத்தமெல்லாம் பொருந்திவிட்டது. கடைசி டெஸ்டுக்காக மறுநாள் சேலம் கிளம்பினார்கள். ஜன்னத்தும் தொற்றிக்கொண்டாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். "தண்ணியே குடிக்கறதில்லையாம்மா நீங்க?"

குடிக்காததால் அவள் கிட்னி சொட்டு விடாமல் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். கொஞ்சம் தண்ணியில் அத்தனை உப்பும் வெளியேற வேண்டியிருப்பதால், தங்கித் தங்கிக் கல்லாகிவிட்டதாம். இப்போதைக்கு அவள் கிட்னியை எடுக்க முடியாது, நிறையக் குடியுங்கள், கல் போகட்டும், அப்புறம் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் ஜன்னத் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொர்க்கத்துக்குப் போறதுக்கு எங்க அண்ணன் உசுருதான் கெடச்சுதா? யாரு கேட்டா உன்ன இந்த நோன்ப?"

மெகருன்னிசா பெஞ்சில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அது நோன்பே இல்ல" என்றாள்.

"இல்லன்னா?"

"நோன்புன்னா நிய்யத்து வெக்கணும் இல்ல? அல்லாவுக்காக வெக்கறேன்னு மனசுல நெனைக்கணும். நான் ஒருநாளும் நெனைக்கல. நான் டம்ளர எடுத்தா இவரு என் தொண்டையையே பாத்துக்கினு இருக்காரு. ராத்திரியும் தூங்காம பாக்கறாரு, செவுத்துப்பக்கம் திரும்பிக்கினு ஒரு வாய் குடிச்சா உண்டு. எனக்கு எறங்கலடி. வெறுமனே குடிக்காம இருந்தா கண்டுபுடிச்சிடுவாரு. நோன்புன்னா யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."



நூர் முகமது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீங்கிய காலை இழுத்து இழுத்து கேன்டீன் வரைக்கும் போய், ஒரு தண்ணி பாட்டில் வாங்கி வந்தார். மூடியைத் திருகி அவள் கையில் கொடுத்தார். அவள் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார்.

"என்னப் பாத்துக்கினே குடி. பூராவும் குடி. எப்படி இருக்குதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லு."