போர்வை அடுக்குக்குப் பின்னால்

"நேத்து எங்க போயிட்ட? கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை காஞ்சுபோச்சு."

போர்வை அடுக்குக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததும் மேற்பார்வையாளர் அம்மாள் அப்படியே நின்றார். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மதிய இடைவேளை. இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. இருபத்திரண்டு வருஷமாக நின்று நின்று வீங்கிப்போன முழங்கால், உட்காரேன் என்று கெஞ்சியது. உட்கார விட்டால்தானே.

குரல் ஊமையக்காவுடையது. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி என்பதால், துணி மடிக்கிற மேசைக்காரிகள் அவளுக்கு வைத்த பேர் அது.

அந்த மேசைக்காரிகள்தான் காலையில் வந்து வத்தி வைத்தார்கள்.

"ஊமைக்கு ஆள் கிடைச்சிருக்கு மேடம். தினம் சாப்பாட்டு நேரத்துல ஒளிஞ்சு உக்காந்து போன்ல குசுகுசுன்னு பேச்சு. ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல பிள்ளைங்களுக்குப் பைபிள் சொல்லிக்குடுக்கறவங்க நீங்க. உங்க கண்ணு முன்னாடியே இப்படி நடக்கலாமா?"

போன் என்றதும் விவகாரம் பெரிதாகிவிட்டது. போன வருஷம் யாருடைய போனோ போர்வைக்குள் சுருண்டு உள்ளே போய், இயந்திரம் ஒரு வாரம் படுத்துவிட்டது. அதிலிருந்து வாசல் தட்டில் போனை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வர வேண்டும். மீறினால் எச்சரிக்கை கிச்சரிக்கை எல்லாம் கிடையாது, நேரே வீடுதான்.

மேற்பார்வையாளர் போய்த் தட்டைப் பார்த்தார். ரப்பர் பேண்ட் சுற்றிய ஊமையக்காவின் போன் அங்கேயேதான் கிடந்தது. ஆக, கள்ளத்தனமாக இன்னொன்றும் வைத்திருக்கிறாள். பலே கைகாரிதான். உடனே ஆபீசுக்குப் புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டு, தாளைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

யார் வேலையையும் பறிப்பதில் அவருக்கு ஆசை இல்லை. போனால் போகிறது என்று விட்டுவிட்டு, அப்புறம் நாலு பேருக்குப் பதில் சொல்லவும் தெம்பில்லை. யார் சரி, யார் தப்பு என்று பார்த்துப் பார்த்தே மனுஷி அலுத்துப்போயிருந்தார். வீட்டுக்குப் போனால் கட்டிலில் விழத்தான் தோன்றும். ஜெபத்துக்கு முழங்கால் போட்டு எத்தனை மாதமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. முட்டி வலி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அடுக்குக்குப் பின்னால் பேச்சு தொடர்ந்தது.

"எட்டு மாசமா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நீ வாயே தொறக்க மாட்டேங்கற. சரி, உனக்கு எப்ப மனசு வருதோ அப்ப செய்யி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தப் பக்கத்து ஆசாமி தாஜா பண்ணுகிறான் போலிருக்கிறது என்று மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டார்.

"மடிக்கறவங்க என்னைப் பத்தி என்னென்னவோ பேசறாங்க. பேசட்டும். யாரு எப்படின்னு சொல்ல நான் யாரு? அதெல்லாம் உன் பாடு, நீயே பாத்துக்க. மேடத்தைத்தான் பாக்க முடியல. முட்டி வீங்கி நொண்டி நொண்டி நடக்கறாங்க. முந்தாநேத்தே சொன்னேன்ல?"

மேற்பார்வையாளருக்குச் சுருக்கென்றது. எவனோ ஒருவனிடம் தன் முட்டியைப் பற்றியா பேச்சு? துணிக் கணக்குப் பார்க்கிற கிடங்குக்காரராக இருக்குமோ? அந்த மனுஷனுக்குத்தான் இந்த முட்டிக் கதை முழுசாகத் தெரியும்.

போர்வைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கவிழ்த்த கூடைமேல் ஊமையக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.

"போனை எடு."

"வாசல் தட்டுல இருக்கு மேடம்."

"அது தெரியும். இன்னொண்ணை எடு."

ஊமையக்கா டப்பாவைப் போர்வைமேல் வைத்துவிட்டு எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மேற்பார்வையாளர் அவளுடைய மேலங்கிப் பைகளைத் துழாவினார். ஒரு கைக்குட்டையும் இரண்டு ஊக்கும் வந்தன. கூடையைப் புரட்டிப் பார்த்தார். தரையில் நூல் பிசிறுதான் கிடந்தது.

"இத பாரு, எனக்கு நிக்கவே முடியல. விளையாடாத. தாள் எழுதியாச்சு. இதை ஆபீஸ்ல குடுத்தா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

"வேலை போச்சுன்னா மாமியாரை வச்சுக்கிட்டு நான் எங்க மேடம் போவேன்?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு எப்படி விடுவது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை.

"அப்ப மறைக்காம சொல்லு. இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசின? கிடங்குக்காரர்கிட்டயா?"

ஊமையக்காவின் முகத்திலிருந்த பயம் மாறிக் குழப்பம் வந்தது. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுப்பீங்களே, அந்த ஆண்டவர்கிட்டதான். ஏன் மேடம், நீங்க பேசறதில்லையா?"