துணுக்கு இரும்பு

“ஒரு துணுக்கு இரும்புக்கு இந்தக் குதி குதிக்கறாங்களே, அழுக்கு மேடத்துக்கு வேற வேலையில்லையா?”

காபி மெஷினுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கம் நின்றிருந்த அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

சூரியனைப் போல அணுக்களை இணைத்து எரிக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. அதன் கழிவெல்லாம் வந்து சேரும் அடிப்பகுதியின் ஒளியைப் பிரித்து, என்னென்ன அழுக்கு கலந்திருக்கிறது என்று அளப்பவள் அவள். பட்டப்பெயரும் அதனால்தான்.

மூன்று வாரமாக அவள் கருவி இரும்பு, இரும்பு என்றே காட்டியது. அந்த மூலையில் இரும்பே இருக்கக்கூடாது. துளி கலந்தாலும் உள்ளே சூடு நிற்காது. ஒரு வருஷத்து உழைப்பு பாழ்.

யாரோ எதையோ உள்ளே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? இயந்திரத்தின் கலத்துக்குள் இறங்கித் தகடு பொருத்தியவர் ஃபிட்டர். கொண்டுபோகும் ஒவ்வொரு திருகையும் பதிவேட்டில் எழுதி, திரும்பும்போது எண்ண வேண்டியவரும் அவரே.

நேரே தலைமைப் பொறியாளரிடம் போனாள். ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள்.

“எண்ணித்தான் மேடம் கொண்டுவந்தேன்.”

“அப்போ அதுக்கு றெக்கை முளைச்சுதா? கலத்தை மூடப்போற நேரத்துலகூட ஓடிவந்து, உள்ளே போய் என் கருவியோட கண்ணாடியை நேராக்கிட்டு வந்தவ நான். அந்த அக்கறையில பாதி உங்களுக்கு இருக்கக்கூடாதா?”

ஃபிட்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

கலத்தைத் திறப்பது என்று முடிவாயிற்று. கிடைப்பது ஃபிட்டருடையது என்றால் இனி அவர் உள்ளே போகக்கூடாது என்றார் பொறியாளர். அந்த அனுமதி போனால் அவருக்கு அங்கே வேறு வேலை கிடையாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சரி என்று தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்து ஃபிட்டர் வெள்ளை உடுப்பும் தலையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே தவழ்ந்து போனார். அரைமணி நேரத்தில் கையை மூடியபடி வந்தார்.

“வாஷர் சார். என்னோடதுதான். எண்ணும்போது விட்டுட்டேன்.”

பொறியாளர் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அவள் விடவில்லை. “எங்கே, காட்டுங்க.”

ஃபிட்டர் தயங்கினார். பொறியாளருக்கு முதுகைக் காட்டி நின்று, அவளுக்கு மட்டும் தெரியும்படி விரல்களை விரித்தார். உடனே மூடிக்கொண்டார்.

“வாஷர்தான் மேடம்” என்றார் மெதுவாக. “விடுங்க.”

பேனா அவர் பெயரை நோக்கி இறங்கியது.

அவள் கை தலைக்குப் போனது. கூந்தலில் மிச்சமிருந்த கொண்டை ஊசிகளில் ஒன்றை உருவி, பேனாவுக்கும் பெயருக்கும் நடுவில் வைத்தாள்.